வெக்கேயின் மவுஸ்

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை காலை, படகுத்துறையில் குனிந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்த வெய்யோ அப்படியே பலகைமேல் சாய்ந்து இறந்துபோனான். அறுபது வயது. ஏரிக்கரை ஊரான ஈசல்மியில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவன் என்பதால் அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். காபி குடித்தார்கள், சால்மன் மீன் வைத்த ரொட்டி சாப்பிட்டார்கள், அவன் மனைவி ஹில்க்காவின் கையைப் பிடித்து அழுத்தினார்கள், போய்விட்டார்கள். பிள்ளைகள் கிடையாது. ஹில்க்காவுக்கு ஐம்பத்தேழு வயது. சுகாதார நிலையத்தில் பல் சுத்தம் செய்யும் வேலை. மூன்றாவது வாரமே வேலைக்குத் திரும்பினாள். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்கள் யாரும் ஆறுதல் சொல்ல மாட்டார்கள் என்பது அவளுக்கு வசதியாக இருந்தது.

வார நாட்களை எப்படியோ தள்ளிவிட்டாள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணியைத்தான் தள்ள முடியவில்லை.

பதினான்கு வருடங்களாக அந்த நேரத்தில் வெய்யோ தன் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் மூன்று ஆண்களோடு சேர்ந்து, நான்கு பேர் கூட்டாகச் சுடும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை ஐந்து மணிவரை ஆடுவான். ஐந்துக்கு சவுனா என்ற நீராவிக் குளியலறை சூடாகியிருக்கும். அதுவரை கதவுக்குப் பின்னாலிருந்து அவன் சிரிப்பும், "பின்னாடி பாருடா, பின்னாடி!" என்ற கத்தலும் வந்துகொண்டே இருக்கும். அவளுக்கு அது எரிச்சல்தான்.

"வீட்ல நான் ஒருத்தி இருக்கேன்னு ஞாபகம் இருக்கா?" என்று ஒரு தடவை கதவைத் திறந்து கேட்டாள்.

"உன்னைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தோம்," என்றான் வெய்யோ. அவள் நம்பவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மதியம் அவளுக்கு அவன் புகைப்படங்கள் வேண்டியிருந்தன. எல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அந்த அறைக்குள் போய் அவன் நாற்காலியில் உட்கார அவளால் முடியவில்லை. வாசலில் நின்று பார்த்தாள். நாற்காலியின் மெத்தை இன்னும் அவன் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. கடைசியில் ஒயர்களைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் பெட்டியையும் கீபோர்டையும் மவுஸையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் டிவியோடு இணைத்தாள். சோபாவில் உட்கார்ந்து, மடியில் ரொட்டி வெட்டும் பலகையை வைத்து, அதன்மேல் மவுஸை வைத்தாள்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் விளையாட்டு தானாகத் திறந்துகொண்டது. அதன் ஓரத்தில் செய்திகள் வரிசையாக நின்றன. நண்பர்களுக்கு வெய்யோ வெறும் வெக்கே.

"வெக்கே, லேட்டு."

"வெக்கே, எங்கடா போனே?"

"படகோட முழுகிட்டியா?"

கடைசியாக வந்தது ஒரு வாரம் முன்பு. "டேய், உயிரோட இருக்கியா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லித் தொலை."

அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர்களுடைய தொலைபேசி எண்கூட வீட்டில் யாருக்கும் தெரியாது. அடக்கமும் ஒரு சனிக்கிழமைதான்; அன்றும் இவர்கள் மூன்று பேரும் இரண்டு மணிக்கு வந்து காத்திருந்திருப்பார்கள். அவள் இரண்டு விரலால் தட்டினாள்: "நான் வெய்யோவின் மனைவி. வெய்யோ"

அதற்குள் திரையில் ஒரு பெட்டி குதித்தது. மூடிவிடலாம் என்று அதைத் தட்டினாள். டிவியிலிருந்து ஒரு கனத்த குரல் கூடம் முழுக்க அதிர்ந்தது.

"வந்துட்டான்யா! வெக்கே வந்துட்டான்!"

"எங்கடா ஒழிஞ்சே இத்தன நாளா?" என்றது இன்னொன்று. பின்னால் இன்னொருவன் விசிலடித்தான்.

ஆறு வாரமாக அந்த வீட்டில் யாரும் அவன் பெயரை உரக்கச் சொன்னதில்லை. சொன்னவர்களும் தாழ்ந்த குரலில், "பாவம் வெய்யோ" என்றுதான் சொன்னார்கள். இந்தக் குரல்களில் அவன் உயிரோடு இருந்தான். அவள் தட்டி வைத்திருந்ததை அழித்தாள். "மைக் கெட்டுப்போச்சு," என்று எழுதி அனுப்பினாள்.

"பேச வேணாம், சுட்டாப் போதும். வா வா."

அவளுக்கு நடக்கவே தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வானத்தைப் பார்த்துச் சுட்டாள். முதல் நிமிடத்திலேயே செத்தாள். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்பது அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஐந்து மணிக்கு எல்லோரும் விடைபெற்றபோது, அடுத்த சனிக்கிழமை கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமையும் சொல்லவில்லை. அதற்கடுத்ததும் இல்லை.

குரல்களை அவள் மெல்ல மெல்லப் பிரித்து அறிந்துகொண்டாள். கனத்த குரல் ரெய்மா. மேற்குக் கடற்கரையில் ரௌமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன், வாய் ஓயாதவன். விசிலடித்தவன் ஏலிஸ்; வடக்கே தோர்னியோவில் பஸ் ஓட்டுகிறான், நால்வரில் இளையவன். மூன்றாமவன் குயிஸ்மா, துர்க்குவில் லிஃப்ட் பழுது பார்ப்பவன், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் காபி குடித்துவிட்டு வரலாம் போல நிதானமாகப் பேசுவான்.

அவர்கள் அவளைப் பற்றியும் பேசினார்கள். வெய்யோ பொய் சொல்லவில்லை. ஏரி உறையும்வரை அவள் நீந்துவாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மீன் வைத்துச் சுடும் அவளுடைய ரொட்டிக்கு ரெய்மா ஒரு பட்டப்பெயரே வைத்திருந்தான்.

"ஹில்க்கா எப்படிடா இருக்கா?" என்று அக்டோபரில் ஒருநாள் ரெய்மா கேட்டான்.

அவள் விசைகளின்மேல் விரலை வைத்து, ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "அவ்வளவா பேச மாட்டேங்கிறா. ஜன்னல் பக்கமாவே உக்காந்திருக்கா."

"அப்புறம் நீ எதுக்குடா இங்க எங்களோட குப்பை கொட்டிட்டு இருக்கே? போய் அவகூட உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன்," என்று எழுதினாள். அவர்களுக்குப் புரியவில்லை. வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

வேலை முடிந்து வந்து தினமும் நாலிலிருந்து ஆறுவரை பயிற்சி செய்தாள். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே ஊசிமுனையை நகர்த்தும் கை அது. நடுக்கம் என்பதே தெரியாது. நடக்க, ஒளிய, குறி பார்க்க எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் எதிரே ஆள் வந்ததும் அவள் சுடுவதற்குள் அவன் சுட்டிருப்பான். எப்போதும் அவனே முந்தினான்.

"டேய் வெக்கே, உன் குண்டெல்லாம் தபால்ல வருதா?" என்றான் ரெய்மா.

"ஸ்டாம்ப் ஒட்டாம விட்டுட்டானோ என்னவோ," என்றான் ஏலிஸ்.

குயிஸ்மா சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தனியாக ஒரு செய்தி அனுப்பினான். "மவுஸ்ல தாமதம் இருக்கும்போல. ஒண்ணொண்ணா பாப்போமா? அவசரமில்ல."

அப்படித்தான் அது தொடங்கியது. மவுஸை அசைப்பதற்கும் திரையில் அசைவதற்கும் இடையில் ஒரு நேரம் இருக்கிறது என்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாக நடப்பதாக நினைத்திருந்தாள். "ஒண்ணா நடக்காது," என்று எழுதினான் குயிஸ்மா. "மவுஸ் சொல்லணும், கம்ப்யூட்டர் கேக்கணும், படம் வரையணும், திரை காட்டணும். ஒவ்வொருத்தனும் கொஞ்சம் கொஞ்சம் திருடுவான். நம்ம ஊர் ஆபீஸ் மாதிரி."

முதல் வாரம், மவுஸின் பேட்டரியை மாற்றச் சொன்னான். பெட்டியின் பின்புறம் இரும்புக்குப் பின்னால் செருகியிருந்த சின்ன ரிசீவரைப் பிடுங்கி, ஒரு ஒயர் போட்டு மவுஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவரச் சொன்னான். அவள் அதை ரொட்டிப் பலகையில் டேப்பால் ஒட்டினாள். இன்னொரு வாரம், மவுஸ் தன் இடத்தை நொடிக்கு எத்தனை முறை கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்று பார்க்கச் சொன்னான். பேட்டரி மாற்றியபோது அது நூற்று இருபத்தைந்துக்கு விழுந்திருந்தது. ஆயிரமாக ஏற்றினாள். பிறகு விளையாட்டின் உள்ளே போய், திரைக்காகப் படம் காத்திருக்கும் ஏற்பாட்டை நிறுத்தினாள். "படம் நடுவுல கொஞ்சம் கிழிஞ்ச மாதிரி தெரியும். தெரியட்டும். காத்திருக்கறதவிட அது மேல்," என்றான்.

ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் அவன் வேறொன்றும் கேட்பான். "கை எப்படி இருக்கு? வலது கை மரத்துப்போற மாதிரி இருக்கா?" இல்லை என்று எழுதுவாள். "தூக்கம்?" பரவாயில்லை என்று எழுதுவாள். இந்த ஆண்கள் இப்படியெல்லாம் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை.

நவம்பர் தொடக்கத்தில் ரெய்மாவும் தனியாக எழுதினான். மகள் தூலி இரண்டு வருடமாகத் தன்னோடு பேசுவதில்லை, அவள் அம்மா இறந்ததும் ஏரிக்கரைக் குடிலை அவளைக் கேட்காமல் விற்றுவிட்டதுதான் காரணம் என்று. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. "உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன் வெக்கே. நான் என்ன பண்ணட்டும்?"

அதை அவள் படித்திருக்கவே கூடாது. பதில் எழுதாமல் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் அவன் "மறந்துடு, தெரியாம கேட்டுட்டேன்," என்று எழுதியதும் தாங்கவில்லை. "ஃபோன் பண்ணாதே. கையால ஒரு கடிதம் எழுது. குடிலைப் பத்தி எழுதாதே. அவ அம்மாவைப் பத்தி எழுது," என்று அனுப்பினாள்.

"நீ இவ்ளோ நல்லா பேசுவேன்னு தெரியாதுடா," என்று வந்தது.

தாமதம் மட்டும் போகவில்லை. கடைசியில் குயிஸ்மா அளந்துவிடலாம் என்றான். செல்ஃபோனில் மெதுவாக ஓடும் படம் எடுக்கும் வசதி இருக்கும். நொடிக்கு இருநூற்று நாற்பது படம். விரலும் திரையும் சேர்ந்து தெரியும்படி ஃபோனை நிறுத்தி, மவுஸை அழுத்தித் துப்பாக்கியால் சுடு. விரல் அழுந்திய படத்திலிருந்து துப்பாக்கி முனையில் வெளிச்சம் வரும் படம்வரை எண்ணு. "எனக்கு எட்டுப் படம். உனக்கு என்ன வருதுன்னு பாரு."

அவள் ஃபோனைச் சர்க்கரைக் கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்தாள். சுட்டாள். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். அவளுடைய மெலிந்த விரல், வெய்யோவின் பெரிய மவுஸ்மேல், அழுந்தி அசையாமல் நின்றது. படத்துக்குப் படம் ஒன்றும் நடக்கவில்லை. பத்து. இருபது. முப்பது. முப்பத்தாறாவது படத்தில் வெளிச்சம் வந்தது. மறுபடியும் எடுத்தாள். முப்பத்தைந்து.

"முப்பத்தாறா?" என்று எழுதினான் குயிஸ்மா. "இருக்கவே முடியாது. வீடியோவை அனுப்பு, நான் எண்ணிப் பாக்கறேன்."

அனுப்ப முடியாது. அதில் இருந்தது ஒரு பெண்ணின் கை. "ஃபோன் சரியில்ல," என்று எழுதினாள்.

வெகுநேரம் கழித்து அவன் கேட்டான்: "நீ பழைய மானிட்டர்லதானே ஆடறே? டிவியில எதுவும் போடலியே? டிவி படத்தை அழகு பண்றேன்னு உக்காந்துடும். அதுவே இருபத்தஞ்சு படம் தின்னுடும்."

ஹில்க்கா நிமிர்ந்து டிவியைப் பார்த்தாள். "இல்ல, மானிட்டர்தான்," என்று எழுதினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அந்த அறையின் கதவுக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருந்தாள். ஜன்னலைத் துடைத்தாள். குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து கழுவினாள். மூன்று மணிக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் இனி தள்ளிப்போட்டுப் பயனில்லை என்று கதவைத் திறந்தாள். அறையில் உலோகமும் கம்பளிச் சட்டையும் கலந்த அவன் வாசனை இன்னும் இருந்தது. மேஜையில் பாதி தின்ற கறுப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலம். பெட்டியைத் தூக்கி வந்து மேஜைக்குக் கீழே வைத்தாள். அவனுடைய பழைய மானிட்டரோடு ஒயர்களைச் செருகினாள். நாற்காலியை மட்டும் ஒதுக்கிவிட்டு, சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அது மிகவும் தாழ்வாக இருந்தது. மேஜை அவள் மார்புக்கு வந்தது. சற்று நேரம் அப்படியே முயன்றாள். பிறகு முக்காலியைத் தள்ளிவிட்டு அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது முனகியது. குழி அவளுக்கு மிகப் பெரிதாக இருந்தது, பக்கவாட்டில் சரிந்தாள்.

அளந்தபோது ஒன்பது படம் வந்தது.

மவுஸை லேசாக அசைத்தாள். திரை அவள் கையோடு ஒட்டிக்கொண்டு அசைந்தது. வெய்யோவுக்குப் பதினான்கு வருடமாக இது இப்படித்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில், ரெய்மாவும் ஏலிஸும் செத்துவிட்டார்கள். குயிஸ்மா கீழே விழுந்து கிடந்தான். எதிரிகள் இருவர் மீதி. அவள் ஒரு சிமெண்டுத் தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தாள். முதல் ஆள் மூலையில் தலையை நீட்டினான். அவன் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் அவள் சுட்டுவிட்டாள். இரண்டாவது ஆள் மாடியிலிருந்து குதித்தான். குதிக்கும்போதே அவனையும் வீழ்த்தினாள்.

 அவள் மாட்டியிருந்த வெய்யோவின் ஹெட்போன் கிழிவது போலக் கத்தல் எழுந்தது.

"பாத்தியா! பாத்தியாடா! அதான் எங்க வெக்கே! செத்துப் பிழைச்சு வந்துட்டான்யா!" ரெய்மா மேஜையைக் குத்தும் சத்தம் கேட்டது. "திரும்பி வந்துட்டான்!"

ஹில்க்கா மவுஸிலிருந்தும் விசைகளிலிருந்தும் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு அழைத்தார்கள். 

"வெக்கே? தூங்கிட்டியா, இல்ல சந்தோஷத்துல மயங்கிட்டியா?"

மைக் கெட்டுப்போகவே இல்லை. ஹெட்போனின் பக்கத்தில் ஒரு சின்ன பொத்தான், அவ்வளவுதான். அவள் அதை அழுத்தினாள்.

"நான் ஹில்க்கா பேசறேன்," என்றாள். "வெய்யோ ஆகஸ்டுலயே இறந்துட்டார். பதினேழாம் தேதி. செப்டம்பர்லேருந்து ஆடறது நான்தான்."

யாரோ ஒருவரின் நாற்காலி கிறீச்சிட்டது.  திரையில் ஏலிஸின் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு அணைந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டான்.

"என்ன சொல்றீங்க?" என்றான் ரெய்மா. அவன் குரலில் இருந்த 'டா' ஒரே நொடியில் காணாமல் போயிருந்தது.

"சொல்லத்தான் வந்தேன். முதல் நாளே. நீங்க எல்லாரும் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. அப்புறம் என்னால சொல்ல முடியல. மன்னிச்சுக்கோங்க."

"ரெண்டு மாசம்," என்றான் ரெய்மா. "நான் அவன்கிட்ட என் பொண்ணைப் பத்தி எழுதினேன்."

"ஆமா."

"அதை நீங்க படிச்சீங்க."

"ஆமா."

"கடிதம் எழுதுன்னு சொன்னது…"

"நான்தான்."

"வெக்கே சொன்னான்னு நான் எழுதினேன்," என்றான் ரெய்மா. "வெக்கே சொன்னான்னு." அவன் மூச்சு மைக்கில் கரகரவென்று கேட்டது. "என்னை அழறதுக்குக்கூட விடலையேம்மா நீங்க. அவன் செத்து மூணு மாசமா நான் அவனைக் கிண்டல் பண்ணிட்டு இருந்திருக்கேன்." அவன் விளக்கும் அணைந்தது.

குயிஸ்மா மட்டும் மீதி. அவனும் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"எப்படி இறந்தார்?" என்று கேட்டான் அவன்.

அவள் சொன்னாள். படகுத்துறை, மோட்டார், ஆம்புலன்ஸ் வர எடுத்துக்கொண்ட நேரம், அடக்கம். சொல்லச் சொல்ல, இதை முதலிலிருந்து கடைசிவரை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை என்று தெரிந்தது. 

"நான் வேற நெனச்சிட்டு இருந்தேன்," என்றான் கடைசியில். "எங்க அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்ப இப்படித்தான். கை மெதுவாச்சு, பேச்சு போச்சு, யார்கிட்டயும் சொல்லல. மைக் கெட்டுப்போச்சு, கையும் மெதுவாயிடுச்சுன்னதும் வெக்கேக்கும் அதுதான்னு முடிவு பண்ணிட்டேன். வெக்கத்துல மறைக்கிறான்னு. நேரா கேட்டா ஓடிடுவான். அதான் மவுஸ், மவுஸ்னு…"

"எனக்குத் தெரியவே இல்ல," என்றாள் ஹில்க்கா.

"முப்பத்தாறு படம்னு சொன்னப்ப எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? கை இல்லப்பா, மெஷின்தான்னு." அவன் சிரிக்க முயன்றான். பாதியில் நின்றுவிட்டது. "நான் கொஞ்சம் எழுந்து நடந்துட்டு வரணும். மன்னிச்சுக்கோங்க."

அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு பெயருக்குப் பக்கத்திலும் விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும். ஏரி உறைந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கல்லறைத் தோட்டத்தில் ஊரே மெழுகுவர்த்தி ஏற்றியது. அவளும் ஒன்று ஏற்றிவிட்டு, தெரிந்தவர்கள் வருவதற்குள் வீடு திரும்பினாள். அவனை இரண்டாவது முறை புதைத்துவிட்டது போல இருந்தது. முதல் முறையாவது கூட்டம் இருந்தது.

ஜனவரியில் அவள் வெக்கேயின் கணக்கை மூடினாள். ஹில்க்கா என்ற பெயரிலேயே புதிதாக ஒன்று திறந்தாள். தன் கைக்கு அடங்கும் சின்ன மவுஸ் ஒன்று வாங்கி, ஒயரோடு இருப்பதாகவே பார்த்து வாங்கி, குயிஸ்மா சொல்லித்தந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடினாள். அவர்கள் பேச மாட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் கலைந்துபோவார்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணிக்குச் சற்றுக் கழித்து குயிஸ்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. இரண்டு ஆட்டம் ஆடினார்கள். "இடது பக்கம்," "சரி," தவிர எதுவும் பேசவில்லை. போகும்போது அவள் ஃபோன் எண்ணை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் முடிஞ்சா வரேன்," என்றான். சில வாரம் வந்தான், சில வாரம் வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் அவளுக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. "குயிஸ்மா நம்பர் குடுத்தான். எந்த வரிசைல படுத்திருக்கான்? – ரெய்மா." கல்லறைத் தோட்டத்தின் வரிசையையும், பக்கத்தில் இருக்கும் பிர்ச் மரத்தையும் எழுதி அனுப்பினாள். பதில் இல்லை.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து பூச்செடி வைக்கப் போனபோது, கல்லறைக்கு முன்னால் ஒரு பெரிய ஆள் நின்றிருந்தான். ஒளிரும் பட்டை வைத்த வேலைச் சட்டை. கையில் தொப்பி. குரல் கேட்காமலே அவளுக்கு யாரென்று தெரிந்தது.

"ஹில்க்கா," என்றாள் கையை நீட்டி.

"தெரியும்." அவன் கையைக் குலுக்கினான். வேறு எங்கோ பார்த்தான். "இவ்ளோ குட்டையா இருப்பான்னு நெனக்கல. இணையத்துல தேடி போட்டோ பாத்தேன். குரலுக்கு ஆறடி இருப்பான்னு நெனச்சேன்."

"அஞ்சரை."

 பிறகு அவள் கேட்டாள். "பொண்ணு பதில் எழுதினாளா?"

"எழுதினா. இப்ப பேசறோம். நிறைய இல்ல." அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யாரு கடிதம் எழுதச் சொன்னதுன்னு கேட்டா. செத்துப்போன ஒருத்தன்னு சொன்னேன். குடிக்கிறியாப்பான்னு கேட்டா."

ஹில்க்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவன் உதடும் லேசாக அசைந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"கோபம் போயிடுச்சான்னு கேக்காதீங்க," என்றான்.

"கேக்கல."

"போகல. யோசிச்சுப் பாத்தேன், நீங்க செஞ்சது புரியுது. புரிஞ்சாலும் போகல."

"வீடு பக்கத்துலதான். காபி குடிச்சுட்டுப் போங்க. மீன் ரொட்டி சுட்டிருக்கேன்."

அந்தப் பேச்சில் அவன் முகம் ஒரு கணம் கலைந்தது. பதினான்கு வருடமாகப் பட்டப்பெயர் மட்டும் வைத்திருந்த ரொட்டி. தலையை ஆட்டினான். "ஐந்நூறு கிலோமீட்டர் திரும்பி ஓட்டணும். தூலி கார்ல இருக்கா." வாசல் பக்கம் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றிருந்தது. உள்ளே ஒரு இளம்பெண் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப கொஞ்சம் நில்லுங்க," என்றாள் ஹில்க்கா. ஆனால் கையில் கொடுக்க எதுவும் இல்லை. ரொட்டி வீட்டில் இருந்தது. பூச்செடியும் மண்வெட்டியும்தான் இருந்தன. அவன் நின்றான்.  சற்று நேரம் நின்றுவிட்டு, கல்லின் தலையில் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு, அவளுக்குத் தலையசைத்துப் போனான்.

ரெய்மா அதன்பிறகு விளையாட வரவே இல்லை. கிரேன் வேலையில் தோள் போய்விட்டது என்று குயிஸ்மா ஒருநாள் சொன்னான். அது உண்மையாகவும் இருக்கலாம். அன்று காரின் சத்தம் ஓய்ந்ததும் ஹில்க்கா மண்டியிட்டு மண்ணைக் கிளறினாள். ஆறு பூச்செடிகள். ஐந்தை நட்டாள், ஆறாவதற்கு இடம் போதவில்லை. அதை வீட்டுக்கு எடுத்துப்போய் சமையலறை ஜன்னலில் வைத்தாள். ரொட்டியை வெட்டி, நின்றபடியே ஒரு துண்டு தின்றாள். மீதி நான்கு நாளைக்கு வந்தது.